மின் கட்டணம் தவறுதலாகக் குறைவாக வந்திருக்கிறது. போய்ச் சொல்ல வேண்டுமா, பேசாமல் இருந்துவிடலாமா?

சொல்லிவிடுங்கள், அதுவும் அடுத்த ரீடிங் எடுப்பதற்குள்.

கேள்வியில் நீங்கள் விவரம் எதுவும் தரவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு, வழக்கமாக ஆயிரத்துச் சொச்சம் வரும் இடத்தில் இந்த முறை பூஜ்யமோ நூறோ வந்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் "பேசாம விடு" என்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அரிச்சந்திரன் வம்சம் இல்லை, நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கவும் வரவில்லை. ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். எண் தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

2023-ல் நடந்தது. ரீடிங் எடுக்க வந்தபோது வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார். மீட்டரில் 12,750 என்று இருந்ததை வந்தவர் 12,350 என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார். ஏழு மூன்றாகிவிட்டது. எங்கள் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருக்கிறது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்தைய ரீடிங் 12,310. அதனால் 440 யூனிட் ஓடிய வீட்டுக்கு 40 யூனிட் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் கட்ட வேண்டியது பூஜ்யம்.

"வர்ற லட்சுமியை ஏம்மா திருப்பி அனுப்புற?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரரோ, "கோடி கோடியா நஷ்டக் கணக்கு காட்டுற மின்வாரியத்துக்கு நம்ம 400 யூனிட்தான் குறையா?" என்றார். இங்கேயும் யாராவது இதையே எழுதுவீர்கள் என்று தெரியும், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மீட்டர் பின்னால் ஓடாது. பதியாமல் விட்ட 400 யூனிட் எங்கேயும் போகவில்லை, அடுத்த ரீடிங்கில் அப்படியே வந்து நிற்கும். அப்போது அந்த இரண்டு மாதத்தின் யூனிட்டோடு சேர்ந்து நிற்கும் என்பதுதான் சிக்கல். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்து அப்போது இருந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகையே கிடையாது. 101-லிருந்தே 4.50 போட்டார்கள். 501-க்கு மேல் 8 ரூபாய், 601-க்கு மேல் 9, 801-க்கு மேல் 10.

ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 440 யூனிட்டுக்கு நியாயமாக வர வேண்டியது 1,365 ரூபாய். அடுத்த இரண்டு மாதம் ஒரு 460 ஓடினால் 1,485. இரண்டும் சேர்த்து 2,850. பேசாமல் இருந்தால் இப்போது பூஜ்யம், அடுத்த முறை 860 யூனிட். அதற்குக் கட்டணம் 5,150. ஆக, மாமியார் சொன்ன லட்சுமி 2,300 ரூபாய் வட்டியோடு கொடுத்த கடன்! (2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. அதன்படி போட்டால் தொகை மாறும், ஆனால் 500-ஐத் தாண்டினால் அடி விழுவது மாறாது.)

ரீடிங் குறிக்கும் மின் கட்டண அட்டையையும் மீட்டரைப் பிடித்த போட்டோவையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஏரியா பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். "சார், பில்லுல ஒரு தப்பு..." என்று ஆரம்பித்ததுமே அங்கிருந்தவர், "வீட்ல ஏசி இருக்காம்மா? ஏசி போட்டா அப்படித்தான் வரும்" என்றார். குறைவாக வந்திருக்கிறது என்று புரியவைக்கவே நேரமாயிற்று. புரிந்ததும், "அடுத்த ரீடிங்ல தானா சரியாயிடும், போங்கம்மா" என்றார்.

இந்த ஒரு வரியை நம்பித்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். யூனிட் சரியாகும், ரூபாய் சரியாகாது. நான் துண்டுக் காகிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். "500 தாண்டிடுமே சார், அந்தப் பணத்தை யார் தருவா?" கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அப்புறம் உதவிப் பொறியாளரிடம் அனுப்பினார். அவர் வெள்ளைத்தாளில் எழுதித் தரச் சொன்னார், மீட்டரை ஆள் அனுப்பிப் பார்த்தார், ரீடிங்கைத் திருத்திக் கொடுத்தார். 1,365 ரூபாய் கட்டினேன். வீட்டில் "தண்டம் கட்டிட்டு வந்துட்டா" என்று பேச்சு. அடுத்த பில் வழக்கம்போல வந்தபோது அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, உங்களுடையது ரீடிங் தப்பு இல்லை, மீட்டரே நின்றுவிட்டது என்றால்? அப்போது இன்னும் சீக்கிரம் சொல்ல வேண்டும். மீட்டர் பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாத சராசரியை வைத்துக் கணக்கிட மின் வழங்கல் விதித்தொகுப்பில் வழி இருக்கிறது, எனவே அது இலவசமாகப் போய்விடாது. அதைவிட முக்கியம், ஒரு வருடம் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓட்டிக்கொண்டு பூஜ்யம் கட்டியவரை, பின்னால் சோதனைக்கு வருபவர் எந்தக் கண்ணோடு பார்ப்பார்? மின்சாரச் சட்டம் 135-வது பிரிவு திருட்டைப் பற்றியது. நாம் எதையும் தொடவில்லை என்று அப்போது நிரூபித்துக்கொண்டிருப்பதைவிட, இப்போதே ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கி வைப்பது சுலபம்.

"இரண்டு வருஷம் ஆயிட்டா கேக்க முடியாது, சட்டமே இருக்கு" என்று ஒரு கோஷ்டி சொல்லும். 2003 மின்சாரச் சட்டம் 56(2) பிரிவைத்தான் சொல்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று படித்திருக்கிறேன். ராஜஸ்தானில் ஒருவருக்கு 2009 முதல் 2011 வரை தப்பான கட்டணப் பிரிவில் பில் போட்டிருந்தார்கள். தணிக்கையில் கண்டுபிடித்து 2014-ல் பாக்கி கேட்டார்கள். 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, இதற்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, ஆனால் பாக்கியை வேறு சட்ட வழியில் வசூலிக்கலாம் என்றது. இன்னொன்று பானிப்பட்டில் ஒரு நூல் ஆலை. பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டுவதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் யூனிட் கணக்கிடுவார்கள்; அந்தப் பெருக்கல் எண் 10 என்பதற்குப் பதில் 5 என்று பதிவாகி, மூன்று வருடம் பாதிக் கணக்கே போயிருக்கிறது. பிறகு சுமார் 1.35 கோடி கேட்டு நோட்டீஸ். ஆலை உச்ச நீதிமன்றம் வரை போயும் 2021-ல் தோற்றது. தப்பு அவர்களுடையது என்பதால் பணம் நம்முடையதாகிவிடாது.

வேறொருவர் இணைப்பு எண்ணைத் தப்பாக அடித்து, அவர் கட்டிய பணம் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால், அதற்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம். அது யாரோ ஒரு குடும்பத்துப் பணம். அந்த வீட்டில் ஃப்யூஸைப் பிடுங்கப் போவார்கள். உடனே போய்ச் சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த போர்ஷனுக்குத் தனி மீட்டர், தனி இணைப்பு, ஆனால் அட்டை மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினார். 220 யூனிட்டுக்கு 1,760 ரூபாய். அதே 220 யூனிட்டுக்கு அன்றைய கட்டணம், நிலைக் கட்டணம் உட்பட 290 ரூபாய். அரசு தந்த 100 யூனிட் இலவசத்தையும் எங்களுக்கே 800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்! வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். இதைக் கேட்க ஒரு கவுன்டர் கிடையாது. கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். "எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி இல்லை" என்று பின்னூட்டம் போட வேண்டாம், எனக்கும் தெரியும். இப்போதைய வாடகை வீட்டில் அட்டை எங்களிடமே இருக்கிறது, பில்லை நாங்களே கட்டுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே மீட்டரில் உள்ள எண்ணைப் பாருங்கள். பில்லில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கில் அதிகமாக இருந்தால் ரீடிங் தப்பு. மீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அலுவலகம் போக முடியாவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு இருக்கும், அதற்குள் திருத்திய தொகையைக் கட்டிவிடப் பாருங்கள். "தானா சரியாயிடும்" என்று திருப்பி அனுப்பினால், 500 யூனிட் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.