மூன்றாம் வகை நெம்புகோலில் லாபமே இல்லையென்றால், நம் கை ஏன் அப்படி அமைந்திருக்கிறது?

நெம்புகோல் பாடத்தைப் படித்துவிட்டு பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) படத்தைப் பார்த்துக் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகை என்றால், நெம்புகோல் சுழலும் ஆதாரப்புள்ளிக்கும் பளுவுக்கும் நடுவில் விசை கொடுப்பது. அதில் ‘இயந்திர லாபம் (பளுவை விசையால் வகுத்தது) ஒன்றுக்கும் குறைவு’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பாடம் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடும். படிப்பவருக்கு உடம்பே நஷ்டத்தில் ஓடுகிறதோ என்று தோன்றும். விசையில் நஷ்டம் உண்மைதான். தூரத்திலும் வேகத்திலும் அது திரும்ப வந்துவிடுகிறது.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதுவன் வந்ததும் தசைச்செல்லுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மயோசின் என்ற புரத இழையின் தலைகள் ஆக்டின் என்ற மற்றொரு புரத இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. ஒவ்வொரு பிடிக்கும் ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவு. இழைகள் தாமே குறுகுவதில்லை, ஒன்றை ஒன்று உரசி நழுவுகின்றன. (1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் சொன்னார்கள். இரண்டு குழுவிலும் ஒரு ஹக்ஸ்லி உண்டு. இருவரும் உறவினர்கள் அல்ல.) இங்கே தேவையான விவரம் ஒன்றுதான்: ஒரு தசைச்செல் தன் நீளத்தில் ஏறக்குறைய பாதிவரைதான் சுருங்க முடியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பைசெப்ஸ் முழங்கை அச்சிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி, ஆர எலும்பில் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) ஒட்டுகிறது. லாபம் வேண்டும் என்று அதை மணிக்கட்டில் கொண்டுபோய் ஒட்டினால் என்ன ஆகும்? கை நீட்டியிருக்கும்போது தோளிலிருந்து மணிக்கட்டுவரை 55 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். கையைச் செங்கோணத்துக்கு மடக்கினாலே அந்தத் தூரம் 40 செ.மீ.க்குக் கீழே போய்விடும். முழுக்க மடக்கினால் மணிக்கட்டு தோளருகே வந்துவிடும். பாதிக்கு மேல் சுருங்காத தசை அதோடு சேர்ந்து வர முடியாது. போதாக்குறைக்கு முழங்கை மடிப்பில் வௌவால் இறக்கை மாதிரி ஒரு சதைத் திரை தொங்கும். 4 செ.மீ.யில் ஒட்டியிருப்பதால், முழு மடக்கலுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் சுருங்கினாலே போதும்.

விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். முழங்கை செங்கோணத்தில், உள்ளங்கையில் 5 கிலோ. அது 50 நியூட்டன், அச்சிலிருந்து 35 செ.மீ. திருப்புத்திறன் (விசை × தூரம்) 17.5 நியூட்டன் மீட்டர். முன்கையும் கையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ, அதன் எடை மையம் 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. அது இன்னும் 2.25. மொத்தம் 19.75. இதை 0.04 மீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 500 நியூட்டன் வருகிறது. அதாவது 5 கிலோவை அசையாமல் பிடித்திருக்க, தசை 50 கிலோவைத் தொங்கவிட்ட அளவு இழுக்கிறது. அந்த இழுப்பில் 65 நியூட்டன்தான் எடையைத் தாங்குகிறது. மீதி 430 நியூட்டனும் முன்கை எலும்புகளை மேற்கை எலும்போடு அழுத்துகிறது. மூட்டுத் தேய்மானம் பற்றிப் பேசுபவர்கள் கையில் தூக்கும் எடையை மட்டும் பார்க்கிறார்கள்; மூட்டுக்கு விழும் கணக்கு இது.

வரவு எங்கே? 35-ஐ 4-ஆல் வகுங்கள். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை ஏறக்குறைய 9 செ.மீ. நகரும், வேகமும் அதே ஒன்பது மடங்கு. பந்து எறிவது, அறைவது, சூடு பட்டதும் கையை இழுத்துக்கொள்வது எல்லாம் இந்தப் பெருக்கத்தால்தான்.

பயோமெக்கானிக்ஸ் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: மேலே புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்திருக்கிறேன், எல்லா விசையையும் பைசெப்ஸ் தலையிலேயே கட்டியிருக்கிறேன், கை அசையாமல் நிற்கிறது. உண்மையில் பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் என்ற தசை பெரும்பங்கு சுமக்கிறது. அது முழங்கை எலும்பில் (முன்கையின் மற்றொரு எலும்பு) ஒட்டுவதால் உள்ளங்கை மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் ஒரே மாதிரி இழுக்கும். பைசெப்ஸ் அப்படியில்லை. அது ஆர எலும்பைச் சுழற்றவும் செய்வதால், உள்ளங்கையைக் கவிழ்த்தபடி தூக்கும்போது அதன் பங்கு குறைகிறது. ஸ்க்ரூ முறுக்கும்போது முழங்கையை மடக்கி வைத்தால் பலம் கூடுவதும் பைசெப்ஸால்தான்.

அந்த 4 செ.மீ. நிலையான எண் அல்ல, இதைப் பலர் கவனிப்பதில்லை. நெம்புகோலில் கணக்கில் வருவது தசை ஒட்டும் இடம் அல்ல. அச்சிலிருந்து இழுவிசைக் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம். கை நேராக நீண்டிருக்கும்போது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எலும்புக்கு ஏறக்குறைய இணையாக ஓடுகிறது, அந்தத் தூரம் பாதியாகக்கூடக் குறையும். செங்கோணத்தை ஒட்டித்தான் உச்சம். கையை முழுக்கத் தொங்கவிட்ட நிலையிலிருந்து எடையை வெடுக்கென்று தூக்கத் தொடங்குபவர், தசை மிக மோசமான கோணத்தில் இருக்கும்போது அதிக விசை கேட்கிறார்.

சரி, மற்ற வகைகள். தலை கழுத்தின் மேல் உட்கார்ந்திருப்பது முதல் வகை (ஆதாரப்புள்ளி நடுவில்), மேற்கையின் பின்பக்கமுள்ள முத்தலைத் தசை முழங்கையை நீட்டுவதும் முதல் வகை. அதில் தகராறில்லை. தகராறு குதிகாலைத் தூக்கி நிற்பதில்தான். ‘இது இரண்டாம் வகை (பளு நடுவில்), ஆகவே இங்கே இயந்திர லாபம் உண்டு, கெண்டைத் தசை உடல் எடையைவிடக் குறைந்த விசையில் தூக்கிவிடுகிறது’ என்று எழுதுகிறார்கள். இந்தத் தளத்திலேயே பத்துப் பதில்களாவது அப்படி இருக்கும். வகை பற்றி எனக்குப் பிடிவாதமில்லை, கணக்கு தப்பு.

60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நுனிப்பாதத்தில் நிற்கிறார். பாதப்பந்திலிருந்து (விரல்களுக்குப் பின்னால் தரையில் பதியும் சதைப்பகுதி) கணுக்கால் அச்சு 12.5 செ.மீ., அங்கிருந்து குதிகால் தசைநாண் 5 செ.மீ. பாதப்பந்தை ஆதாரப்புள்ளி என்று வைத்து, கணுக்காலில் 600 நியூட்டன் பளு, 17.5 செ.மீ.யில் இழுப்பு என்றால் 430 நியூட்டன் போதும் என்று வரும். எங்கே சறுக்கியது? கெண்டைத் தசையின் மறுமுனை கூரையில் கட்டியிருக்கவில்லை. அதே உடலின் கால் எலும்புகளில்தான் ஒட்டியிருக்கிறது. தசை குதிகாலை மேலே இழுக்கும் அதே விசையில் கால் எலும்பைக் கீழே அழுத்துகிறது. கணுக்காலில் இறங்கும் பளு உடல் எடை மட்டுமல்ல, உடல் எடையோடு தசையின் இழுப்பும் சேர்ந்தது. கணுக்காலை அச்சாக வைத்துச் செய்தால் சுலபம்: தரை பாதப்பந்தை 600 நியூட்டனில் தள்ளுகிறது, தூரம் 12.5. எதிரே தசைநாண், தூரம் 5. விடை 1500 நியூட்டன், உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு. நம்பிக்கை வராவிட்டால் பாதப்பந்தை வைத்தே சரிபாருங்கள்: 2100-ஐ (600 + 1500) 12.5-ஆல் பெருக்கினாலும், 1500-ஐ 17.5-ஆல் பெருக்கினாலும் 26,250. குதிகால் தசைநாண் உடலிலேயே தடிமனான தசைநாணாக இருப்பது சும்மா இல்லை.

ஆதலால் வகையை மனப்பாடம் செய்வதைவிடத் தூரங்களைப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் நீட்டினால், 3 கிலோ கைக்கே தோள் தசை 300 நியூட்டன் இழுக்க வேண்டும் (எடை மையம் 30 செ.மீ., தசையின் தூரம் 3 செ.மீ.). அந்தக் கையில் 60 செ.மீ. தள்ளி வெறும் 2 கிலோவைப் பிடித்தால் அது 700 ஆகிவிடுகிறது. முதுகுத் தசைகளுக்கும் முள்ளெலும்பு வட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ.தான். 20 கிலோ மூட்டையை வட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் பிடித்தால், குனியும் உடம்பின் எடையை விட்டுவிட்டாலும் 1600 நியூட்டன். உடலோடு அணைத்து 20 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் 800. ‘முழங்காலை மடக்கித் தூக்கு’ என்பது மூட்டை உடலை ஒட்டி வந்தால்தான் பலிக்கும். முழங்காலுக்கு முன்னால் மூட்டையைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் பயனில்லை. முழங்கால் சில்லும் இந்தத் தூர வியாபாரம்தான்: தொடைத் தசைநாணை அச்சிலிருந்து முன்னால் தள்ளி வைக்கிறது. அதை அறுவையில் எடுத்துவிட்டால் முழங்காலை நீட்டும் வலு குறைகிறது.

நெம்புகோல் மட்டும் எல்லாவற்றையும் விளக்காது. மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு கையை இறுக மூடிப் பாருங்கள். பிடி தளர்ந்துபோகும். விரலை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் தாண்டி ஓடுவதால் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கின்றன. இழைகளுக்கு நழுவ இடமில்லை. கூடவே, விரலை நீட்டும் தசைநாண்கள் பின்னாலிருந்து இறுகி இழுக்கின்றன. மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் பிடி திரும்பிவிடும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. நெம்புகோலில் நாம் கொடுக்கும் விசையைத் தமிழ்ப் பாடங்களில் ‘திறன்’ என்று எழுதுகிறார்கள். பிறகு வாட்டில் அளக்கும் வேலை வேகத்துக்கும் அதே ‘திறன்’. திருப்புத்திறன் என்று மூன்றாவது ஒன்று வேறு. தசையைப் பற்றிப் பேசும்போது மூன்றும் ஒரே பத்தியில் வரும், மாணவர் எதைப் பிடிப்பார்? அதனால்தான் மேலே ‘விசை’, ‘இழுப்பு’ என்றே எழுதினேன். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.