நூற்றாண்டு மலரில் சண்டைகளை எழுதலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பின்லாந்தில் சபை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பிற்பாடு பேராயர் ஆனார் என்று சென்ற கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யார் அவர்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) குடும்பம். எங்கள் ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய தகராறுகளையும், பிரிந்துபோன குடும்பங்களையும் பற்றி எழுதவே கூடாது என்கிறது கமிட்டி. சபைக்குள் இருக்கிற ஒருவன் சபையின் வரலாற்றை ஒழுங்காக எழுத முடியுமா? எழுதியவனையே தலைவராக்கினால் அந்த வரலாற்றை யார் நம்புவார்கள்?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவர் பெயர் மிக்கோ யுவா. 1918இல் பிறந்தவர், 2004இல் இறந்தார். அப்பாவும் வரலாற்றாசிரியர். பின்லாந்தில் வரலாறு படித்தவர் பேராயர் ஆவது அப்படியொன்றும் அதிசயமில்லை, 1998இல் பதவிக்கு வந்த யுக்கா பார்மாவும் சபை வரலாற்றுக்காரர்தான். ஆனால் யுவா மாதிரி எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தவர் குறைவு. துர்க்கு நகரில் வரலாற்றுப் பேராசிரியர், 1962 முதல் ஹெல்சின்கியில் சபை வரலாற்றுப் பேராசிரியர், நடுவில் நாடாளுமன்ற உறுப்பினர், 1965 முதல் 1968 வரை லிபரல் மக்கள் கட்சியின் தலைவர், அப்புறம் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ரெக்டர், வேந்தர். 1978இல் துர்க்குவின் பேராயர், அதாவது பின்லாந்து லுத்தரன் சபைக்கே தலைவர். 1982 வரை இருந்தார்.

உங்கள் கேள்விக்கு இந்தப் பதவிப் பட்டியல் பதில் சொல்லாது. அவர் எதை எழுதினார் என்று பாருங்கள். 1950இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, 1848 முதல் 1869 வரை பின்லாந்தின் படித்த வர்க்கம் சபையின் போதனையிலிருந்து எப்படி நழுவிப்போனது என்பதைப் பற்றியது. சபைக்காரர் ஒருவர் முதலில் கையில் எடுத்தது சபையை விட்டு மனதளவில் வெளியேறியவர்களின் கதையை! 1960இல் வந்த பெரிய புத்தகம், 1880களில் சபை மீது விழுந்த அடிகளையும் அதற்குச் சபை கொடுத்த பதிலையும் பேசியது. அரசின் சபையாக இருந்தது எப்படி மக்கள் சபையாக மாறியது என்பதுதான் அதன் விஷயம்.

அந்த அடிகள் ஏன் விழுந்தன என்று புரிய, அந்தக் காலத்து ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். பாதிரியார் வருஷத்துக்கொரு முறை கிராமத்துக்கு வருவார். ஏதாவது ஒரு பண்ணை வீட்டில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கூடும். பெரியவர், சிறியவர், வேலைக்காரர் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து ஞானோபதேசத்தை, அதாவது கேள்வி-பதிலாக உள்ள மதபோதனைப் பாடத்தை, வாசித்துக் காட்ட வேண்டும், மனப்பாடமாக ஒப்பிக்கவும் வேண்டும். யார் எப்படி வாசித்தார் என்பதைச் சபைப் பதிவேட்டில் குறியிட்டு வைப்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு நற்கருணை கிடையாது, கல்யாணமும் கிடையாது. நாடே எழுத்தறிவு பெற்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே பதிவேடுதான் ஒரு மனிதனின் கழுத்தைப் பிடித்திருந்தது. 1889இல் வேறு புராட்டஸ்டண்ட் சபைகளுக்குப் போக மட்டும் சட்டம் வழிவிட்டது, எந்த மதமும் வேண்டாம் என்று இருக்கும் உரிமை 1923இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்படி இருந்தால் படித்தவன் ஏன் திமிர மாட்டான்?

இதையெல்லாம் தோண்டியெடுத்தவரைத்தான் சபை தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் பயப்படுவது போலப் பதவிக்கு வந்த பிறகு வரலாற்றைப் பூசிமெழுக அவருக்கு வழியே இல்லை, எல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே அச்சில் வந்தாகிவிட்டது. என் கருத்து கேட்டால், வரலாற்றை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பதவிக்குப் போவதே நல்லது. பதவியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற வரலாறுகளை நான் பெரும்பாலும் மூடி வைத்துவிடுவேன்.

உங்கள் சபையும் உறுப்பாக இருக்கிற லுத்தரன் உலக சம்மேளனத்துக்கு 1970 முதல் 1977 வரை இவர்தான் தலைவர். அவர் கைக்கு அது வந்ததே ஒரு தகராறுக்கு நடுவில். 1970 மாநாடு பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரில் நடப்பதாக இருந்தது. அங்கே ராணுவ ஆட்சி, சிறைகளில் சித்திரவதை. அப்படிப்பட்ட நாட்டில் போய்க் கூடுவதா என்று எதிர்ப்பு கிளம்பி, மாநாட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது இடத்தை பிரான்சில் உள்ள எவியானுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவிட்டுக் காத்திருந்த பிரேசில் லுத்தரன்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த எவியானில்தான் யுவா தேர்வானார். ஏழு வருஷம் கழித்து தான்சானியாவின் தார் எஸ் சலாமில் அவர் தலைமைக் காலத்தின் கடைசி மாநாடு. தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்ப்பது வெறும் அரசியல் நிலைப்பாடு அல்ல, விசுவாச அறிக்கையே, அதாவது சபையின் அடிப்படை நம்பிக்கையே, சம்பந்தப்பட்ட விஷயம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். நிறவெறியோடு ஒத்துப்போன வெள்ளையர் சபைகளும் இதே சம்மேளனத்தில் உறுப்பினராக இருந்தபோதுதான் இது நடந்தது, சண்டை வீட்டுக்குள்ளேயே. அவருக்கு அடுத்து தலைவரானவர் தான்சானியாவின் பிஷப் யோசியா கிபிரா, அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர்.

சரி, உங்கள் மலருக்கு வருவோம். நான் பார்த்த நூற்றாண்டு மலர்களில் பாதிக்கு மேல் ஆயர்களின் போட்டோ வரிசை, வாழ்த்துச் செய்திகள், ஜவுளிக்கடை விளம்பரம், அவ்வளவுதான். கமிட்டியோடு நேரடியாக மோதாதீர்கள். பழைய நிர்வாகக் கூட்டக் குறிப்பேடுகள் வேஸ்ட்ரியில் (ஆலயத்தில் ஆயரின் அறையில்) பீரோவுக்குள் இருக்கும், கரையான் அரித்தது போக மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரிந்துபோன குடும்பங்களில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத வேண்டாம், இன்ன வருஷம் இன்ன காரணத்தால் இத்தனை குடும்பங்கள் போயின என்ற ஒரு பத்தியையாவது விடாமல் போடுங்கள். அதையும் கமிட்டி வெட்டினால் எனக்கு அனுப்புங்கள், பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.