நோயெதிர்ப்பு செல் சிகிச்சைக்காக வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது. ஹார்மோன் மருந்துகள் பலிக்காத ட்ரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய், இப்போது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ நடக்கிறது. ஒரு தனியார் மையத்தில், அவள் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு செல்களை எடுத்து, வளர்த்து, திரும்ப ஏற்றினால் குணமாகலாம் என்கிறார்கள். ஆறு தவணை, முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்ட வேண்டும். இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகை உண்டாம். என் ஓய்வுக்கால நிதியை எடுத்துவிட்டு, மீதிக்கு வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். செய்யலாமா ஐயா?

பதில்: அந்த மையத்துக்கு ஒரு காசுகூடக் கட்டாதீர்கள். உங்கள் மனைவிக்காகச் செலவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலவு செய்ய வேண்டிய இடம் வேறு.

இந்த ஆராய்ச்சி பொய்யில்லை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் குழு, உடலில் பல இடங்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் கட்டிகள் முழுவதும் மறைந்ததை 2018இல் வெளியிட்டது. அதே குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில் 42 பெண்களைப் பரிசோதித்தார்கள். 28 பேரின் டி செல்கள் (நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகை) சொந்தக் கட்டியின் மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டன. ஆனால் அந்தச் செல்களைக் கொண்டு சிகிச்சை பெற்றவர்கள் 6 பேர்தான். கட்டி சுருங்கியது 3 பேருக்கு. முழுமையாக மறைந்தது ஒருவருக்கு, 2018இல் சொல்லப்பட்ட அதே பெண்ணுக்கு. எனக்கு இது பெரிய நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் வீட்டை ஈடு வைக்க ஆறு பேரின் முடிவு போதாது.

அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். கட்டியை அறுவை செய்து எடுத்து, அதன் மரபணுவைப் படித்து, கட்டிக்குள் இருந்த டி செல்களில் அதை அடையாளம் காண்பவற்றைப் பிரித்துப் பெருக்கினார்கள். திரும்ப ஏற்றுவதற்கு முன் கடுமையான கீமோ, ஏற்றிய பின் அந்தச் செல்களைத் தூண்டும் மருந்து, எல்லாம் மருத்துவமனைக் கண்காணிப்பில். உங்களிடம் விற்கப்படுவது ரத்தத்திலிருந்து எடுத்து ஆறு முறை ஏற்றும் செல்கள். பெயர் ஒன்றுபோல இருக்கலாம், வேலை அதே இல்லை. செல் சிகிச்சைகளில் ரத்தப் புற்றுநோய்க்கு 2017இலும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2024இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு இன்னும் தரவில்லை.

இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய வழி, முறையான மருத்துவ ஆய்வு. அங்கே பரிசோதிக்கப்படும் செல்களுக்குப் பொதுவாக ஆய்வை நடத்துபவர்களே செலவு செய்வார்கள். பயணம், தங்கும் செலவு, உங்கள் சம்பள இழப்பு ஆகியவை உங்கள் பொறுப்பில் வரலாம். பக்கவிளைவுக்கு வார்டில் கிடந்தால் பில் யாருக்கு என்பதை மட்டும் ஒப்புதல் படிவத்தில் தேடிப் படியுங்கள். அங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் ஊருக்கு எட்டும் ஆய்வு ஏதும் உண்டா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். சர்வதேச ஆய்வுப் பதிவேடுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன். கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து மதிப்பெண் தரும் பரிசோதனை செய்தாயிற்றா? பரவிய ட்ரிபிள் நெகட்டிவ் நோயில், அந்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால், கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைச் சேர்ப்பது பலன் தருவதாகப் பெரிய ஆய்வில் தெரிந்து, ஒப்புதலும் பெற்றிருக்கிறது. உடலில் ஏற்கெனவே இருக்கும் டி செல்களைப் பூட்டி வைக்கும் பிரேக்கை விடுவிக்கிற மருந்து இது. செல்களை வெளியே எடுத்து வளர்க்க வேண்டியதில்லை. இதுவும் மலிவானதில்லை, ஆனாலும் இன்ஷூரன்ஸில் கேட்டுப் பெற வாய்ப்புள்ள செலவு. "சோதனை நிலையில் உள்ள அல்லது நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் இல்லை" என்ற வரி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். மையம் விற்கும் செல்கள் அந்த வரியிலேயே அடிபட்டுப் போகும். அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்கு மருத்துவரின் கடிதத்தோடு முன் அனுமதி கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், போனில் சொன்னதை நம்ப வேண்டாம். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

மனைவியின் அலுவலகக் குழுக் காப்பீடு, எப்போதோ எடுத்து மறந்த தீவிர நோய் பாலிசி, ஆயுள் காப்பீட்டில் சேர்த்த கூடுதல் பலன்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தீவிர நோய் பாலிசியில், நோய் உறுதியானதுமே, பில் இல்லாமல் மொத்தத் தொகை தரும் வகை உண்டு. தாமதமானால் கிளைம் செய்யும் காலக்கெடு போய்விடும்.

அதற்கும் மேல் பணம் தேவைப்பட்டால் முதலில் வைப்புத் தொகையை உடையுங்கள், பிறகு ஆயுள் பாலிசியின் மேல் கடன், பிறகு தங்கம். ஓய்வுக்கால நிதியைத் தொடுவதென்றால் ஒரு பகுதியை மட்டும், அதுவும் மருத்துவர் எழுதித் தந்த சிகிச்சைக்கு மட்டும். வீட்டைத் தொடாதீர்கள். கீமோ நாட்களில் ஒருவர் சம்பளம் நின்றுபோகக்கூடும். அப்போது வீட்டுக் கடன் தவணையையும் சேர்த்துச் சுமக்க முடியாது. பத்து மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் கிடந்தால், நீங்கள் விடுப்பு எடுத்து அவர் பக்கத்தில் உட்காரலாம். அந்த மையம் கேட்கும் தொகையில் பாதியே இதற்குப் போதும் என்றால், அதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல செலவு.

"இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகை" என்று சொல்லும் இடத்தில் சிகிச்சை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் பணம் திரும்பக் கிடைக்குமா, யாருக்கு என்ன பலன் கிடைத்தது என்ற பதிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அவரிடம் கணக்கை முழுதாகக் காட்டுங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், மகளின் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். அவர் தெம்பாக இருக்கும் ஒரு நாளில் கூட்டுக் கணக்கு, நாமினி விவரங்களையும் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள்.