நிறம் எங்கே இருக்கிறது? சாயப்பட்டறை லேபிலிருந்து சில பதில்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 24 வருடமாக ஷேட் பார்க்கிறேன். பையர் அனுப்பும் உள்ளங்கை அகலத் துணித் துண்டைப் பார்த்து, அதே நிறத்தைச் சாயத்தில் கொண்டுவருவதுதான் வேலை. கல்லூரியில் படித்தது இயற்பியல். ஒளி, நிறம், கண் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அண்ணா, கடையில் அரக்குச் சேலைக்குப் பொருத்தமாகப் பிளவுஸ் துணி எடுத்தேன். அங்கே அச்சு அசலாக இருந்தது. வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. துணியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

மாற்றியிருக்க மாட்டார்கள் சகோதரி. கடையில் நீங்கள் பார்த்ததும் உண்மை, வாசலில் பார்த்ததும் உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள் இருக்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அலைநீளத்தில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு துணி ஒவ்வொரு அலைநீளத்தையும் வேறு வேறு அளவில் திருப்பி அனுப்பும். லேபில் ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்தால் அது ஒரு நீண்ட வளைகோடாக வரும். ஆனால் கண்ணுக்கு அந்த வளைகோடு தெரியாது. விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்றே வகை. ஒரு வகைக்கு 420 நானோமீட்டர் பக்கம் கூர்மை அதிகம், அடுத்ததற்கு 530 பக்கம், மூன்றாவதற்கு 560 பக்கம். ஒவ்வொரு வகையும் தன் மீது விழுந்த ஒளியைக் கூட்டி, "இவ்வளவு" என்று மட்டும் சொல்லும். ஆக, அந்த வளைகோடு முழுவதும் மூன்று எண்களாகச் சுருங்கித்தான் மூளைக்குப் போகிறது.

இப்போது உங்கள் சேலை பட்டு, பிளவுஸ் வேறு நூல், சாயமும் வேறு. வளைகோடுகள் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கடை விளக்கின் கீழே இரண்டும் தற்செயலாக ஒரே மூன்று எண்களைக் கொடுத்துவிட்டன. விளக்கு மாறியதும் கணக்கு மாறிவிட்டது. இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். எங்கள் தொழிலில் தூக்கத்தைக் கெடுக்கும் சொல் இது.

நானே பட்டிருக்கிறேன். ஒரு சாம்பல் ஷேட். ரெசிபியில் இருந்த நீலச் சாயம் ஸ்டாக் இல்லை என்று வேறொரு நீலத்தைப் போட்டு மேட்ச் செய்தேன். பல வகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் டி65, அதாவது பகல் வெளிச்சத்துக்கான விளக்கில், இரண்டு துண்டுகளையும் ஒட்டி வைத்தால் நடுவில் கோடே தெரியவில்லை. அவசரத்தில் அத்தோடு ஓகே போட்டுவிட்டேன். 400 கிலோ துணி ஓடி முடிந்த பிறகுதான் மஞ்சள் பல்புக்கான ஸ்விட்சைப் போட்டேன். ஒரு துண்டு பச்சை அடித்தது, இன்னொன்று சிவப்பு அடித்தது. முழு லாட்டும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து டி65, கடை டியூப்லைட்டுக்கான டிஎல்84, மஞ்சள் பல்புக்கான ஏ, மூன்றிலும் பார்க்காமல் எந்தத் துண்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

அடுத்த முறை சேலையையும் பிளவுஸ் துணியையும் கடை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு கடையின் உள் வெளிச்சத்திலும் பாருங்கள். இரண்டிலும் ஒட்டினால் எடுக்கலாம். வீட்டுக்கு எல்இடி வாங்கும்போது, நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ என்ற எண்ணைப் பெட்டியில் தேடுங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. ஆர்9 என்ற எண்ணும் போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள். அடர்சிவப்பை அந்த விளக்கு எப்படிக் காட்டும் என்பது அதில்தான் தெரியும். பொதுவான சிஆர்ஐ கணக்கில் அது சேராது. அரக்கும் குங்குமமும் மங்கித் தெரிவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

சார், போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுதான் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் மஞ்சள் எங்கிருந்து வருகிறது? நான் பி.எஸ்சி. முதல் வருடம்.

திரையில் மஞ்சள் ஒளி இல்லை தம்பி. நீயே பார்த்துவிடலாம். திரையில் ஒரு மஞ்சள் படத்தை வைத்து, விரல் நுனியால் மிகச் சின்ன ஒரு நீர்த்துளியை அதன் மேல் வை. துளி லென்ஸ் போல வேலை செய்யும். உற்றுப் பார்த்தால் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் அடுத்தடுத்து எரிவது தெரியும். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது.

பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் வேறு. அது 589 நானோமீட்டரில் வரும் அசல் மஞ்சள் ஒளி. அந்த ஒளி 530 வகைக் கூம்பையும் 560 வகைக் கூம்பையும் ஒரு விகிதத்தில் தூண்டுகிறது. உன் போன், சிவப்பையும் பச்சையையும் கலந்து அதே விகிதத்தைக் கொண்டுவருகிறது. எண்கள் ஒன்று, ஆகவே நிறமும் ஒன்று. சேலைக் கடையில் நடந்த அதே சங்கதிதான்.

காது இப்படி ஏமாறாது என்பதைக் கவனி. ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலித்தால் இரண்டு ஸ்வரம் என்று சொல்லிவிடலாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வந்தால் கண்ணுக்கு அந்த இரண்டின் சுவடே தெரியாது, மூன்றாவதாக ஒரு நிறம்தான் தெரியும். எனக்கு இன்றும் ஆச்சரியம் தரும் விஷயம் இது.

கண்ணுக்குள் மூன்று வகை உணர்விகள் இருக்கலாம் என்று தாமஸ் யங் 1802லேயே ஊகித்தார். 1861இல் லண்டனில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படம் எடுக்க வைத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழ வைத்துக் காட்டினார். முதல் வண்ணப் புகைப்படம் என்று அதைச் சொல்வார்கள். உன் போன் திரை அதன் பேரப்பிள்ளை.

குறைந்த அலைநீளம்தான் அதிகம் சிதறும் என்றால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி, பாடப்புத்தகம் பாதியில் விட்ட கேள்வி. காற்று மூலக்கூறுகளால் ஒளி சிதறும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 400 நானோமீட்டர் ஒளி 700ஐவிட ஏறத்தாழ 9 மடங்கு அதிகம் சிதறும். ஆனால் சூரிய ஒளியிலேயே ஊதா குறைவு, கண்ணுக்கும் அந்தப் பக்கம் கூர்மை குறைவு. அதைவிட முக்கியம், வானத்திலிருந்து ஊதா மட்டும் வரவில்லை. நீலம், பச்சை, கொஞ்சம் மஞ்சள், சிவப்பு எல்லாம் படிப்படியாகக் குறைந்த அளவில் சேர்ந்தே வருகின்றன. அந்தக் கலவை மூன்று கூம்புகளுக்கும் கொடுக்கும் எண்கள், நீலத்தோடு வெள்ளை கலந்தால் என்ன வருமோ அதுதான். எனவே வெளிர்நீலம்.

வானவில்லில் ரோஸ் நிறமும் பிரவுனும் ஏன் இல்லை?

அடர்ரோஸுக்கு என்று தனி அலைநீளம் கிடையாது. ஒளிமாலையின் சிவப்பு முனையும் நீல முனையும் ஒன்றாகக் கண்ணில் பட்டு, நடுவில் பச்சை இல்லாமல் போனால் மூளை அதற்குக் கொடுக்கும் பதில் அது.

பிரவுன் இன்னும் சுவாரசியமானது. பிரவுன் என்பது, சுற்றிலும் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது நடுவில் மங்கலாகத் தெரியும் ஆரஞ்சு. இருட்டறையில் கணினித் திரையில் ஒரு பிரவுன் கட்டத்தை வைத்து, கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி அந்தக் கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி பாருங்கள். ஆரஞ்சாக மாறிவிடும். குழலை எடுத்தால் மறுபடி பிரவுன்.

ஐயா, என் மகனுக்கு ஏழு வயது. இலைக்குப் பிரவுன் அடிக்கிறான். டீச்சர் திட்டுகிறார். டாக்டர் நிறக்குருடு என்கிறார். என் அப்பாவுக்கும் இருந்ததாம். என்னால்தான் வந்ததா?

அம்மா, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பச்சை, சிவப்பு உணரும் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. உங்களுக்கு எக்ஸ் இரண்டு. உங்கள் அப்பாவிடமிருந்து வந்ததில் குறை இருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிட்டது. பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான். இரண்டில் எது போகும் என்பது பாதிக்குப் பாதி. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு 8 பேர் வரை இப்படி இருக்கிறார்கள். நம் நாட்டிலும் எந்த வகுப்பறையிலும் இருக்கக்கூடிய விஷயம்.

வேதியியலில் அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இது இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்தார். இறந்த பிறகு தன் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். 1844இல் பார்த்தார்கள், நீலம் இல்லை. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணிலிருந்து 1995இல் டிஎன்ஏ எடுத்துச் சோதித்தபோது, பச்சை பக்கத்துக் கூம்பின் நிறமி இல்லை என்று தெரிந்தது.

டீச்சரிடம் நேரில் பேசுங்கள். கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். சிக்னலில் மேலே எரிவது சிவப்பு என்று இடத்தை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். நிறம் காட்டும் கண்ணாடி என்று விற்கிறார்கள். அது சில நிறங்களுக்கு இடையே வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டலாம், இல்லாத கூம்பைக் கொண்டுவராது. ரயில் ஓட்டுவது போன்ற சில வேலைகளுக்கு இது தடை, எங்கள் லேபிலும் நிறக்குருட்டைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா படங்களைக் காட்டித்தான் ஆள் எடுப்போம். மற்றபடி திறந்து கிடக்கும் வேலைகள் ஏராளம். பையனைத் திட்ட மட்டும் விடாதீர்கள். அவன் பார்ப்பதைத்தான் அவன் வரைகிறான்.

வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டால் வெள்ளை எப்படிக் கூடும்?

பருத்தி பழசாகும்போது நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கும்; அதனால் மஞ்சள் பாரிக்கும். சொட்டு நீலம் மற்ற பக்கத்து ஒளியைக் கொஞ்சம் விழுங்கிச் சமன் செய்கிறது. மொத்தத்தில் வேட்டி திருப்பி அனுப்பும் ஒளி குறைகிறது, ஆனால் சீராகிறது. கண் அதைத்தான் வெள்ளை என்கிறது.

சோப்புத்தூளில் இருக்கும் பிரைட்னர் வேறு மாதிரி. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். கடையில் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் உங்கள் வெள்ளைச் சட்டைக் கையை நீட்டிப் பாருங்கள், பளீர் என்று எரியும். அசல் ரூபாய் நோட்டின் காகிதத்தில் பிரைட்னர் இல்லை, அதனால் அது அடங்கியே இருக்கும்.

காளைக்குச் சிவப்பைக் கண்டால் வெறி வருமா?

வராது. மாடுகளுக்குக் கூம்பு இரண்டு வகைதான். சிவப்பைப் பச்சையிலிருந்து சரியாகப் பிரித்தறிய முடியாது. துணி ஆடுவதுதான் மிரட்டுகிறது.

அந்தி நேரத்தில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி மட்டும் கறுத்துப் போகிறது, இலை பளிச்சென்று தெரிகிறது. கண்ணில் ஏதாவது கோளாறா?

கோளாறே இல்லை, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வெளிச்சம் குறையக் குறையக் கூம்பு செல்கள் ஓய்ந்து, குச்சி செல்கள் பொறுப்பேற்கும். அவற்றுக்கு 500 நானோமீட்டர் பக்கம் கூர்மை, சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. பகலில் இலையைவிட எடுப்பாக இருந்த பூ, ஏழு மணிக்கு இலைக்குள் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இதைத்தான் பூக்களைப் பார்த்துச் சொன்னார். அவர் பெயரிலேயே இது வழங்குகிறது.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று படித்தோமே, சரியா?

இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு அப்படித்தான் சொன்னார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கையில் நிக்கோல் பட்டகம் என்ற ஒரு படிகக் கருவி வைத்திருந்தார். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதனால் வடிகட்டிவிடலாம். வானத்தின் பிம்பத்தை அப்படி அகற்றிப் பார்த்தார். கடல் நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அதோடு தண்ணீர் சிவப்பை விழுங்கவும் செய்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் சிவப்புத் துணி மங்கிப் போகும். டம்ளர் தண்ணீரில் நீலம் தெரியாததற்குக் காரணம், ஒளி அதில் கடக்கும் தூரம் போதாது. அந்தக் கப்பல் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதுதான் 1928இல் ராமன் விளைவில் முடிந்தது, 1930இல் நோபல்.

நான் பார்க்கும் சிவப்பும் நீங்கள் பார்க்கும் சிவப்பும் ஒன்றா?

உள்ளுக்குள் உணர்வது ஒன்றா என்று அளக்க யாரிடமும் கருவி இல்லை. ஆனால் கூம்புகளின் கணக்கை அளக்கலாம். அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு; வயதானால் கண் லென்ஸ் மஞ்சளாகும், நீலம் குறையும். எனக்கே ஐம்பது ஆகப் போகிறது, கருநீல ஷேட்களில் லேபில் இருக்கும் இளம் பிள்ளைகளையும் ஒரு முறை பார்க்கச் சொல்கிறேன். ஒரு தகவல் சொல்கிறேன்: நிறத்தை எண்ணால் சொல்ல 1931இல் வகுத்த சர்வதேச அட்டவணைக்கு அடிப்படை, ரைட் என்பவர் சோதித்த 10 பேரும் கில்ட் என்பவர் சோதித்த 7 பேரும். அந்த 17 பேரின் கண்களில் தொடங்கிய கணக்குதான் இன்று எங்கள் ஸ்பெக்ட்ரோ மெஷின் வரை வந்திருக்கிறது.

அங்கிள், நான் ஒன்பதாவது படிக்கிறேன். வீட்டிலேயே செய்கிற மாதிரி ஒரு சோதனை சொல்லுங்கள்.

பழைய சிடி ஒன்று இருக்கிறதா? ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பின் ஒளி அதில் பட்டுச் சிதறுவதைச் சாய்த்துப் பார். குண்டு பல்பில் நிறங்கள் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக வரும். சுருள் சிஎப்எல் பல்பில் தனித்தனிப் பட்டைகளாக நிற்கும். எல்இடியில் நீலம் ஒரு பட்டையாகவும், நடுவில் சற்று மங்கலும், பிறகு பச்சை முதல் சிவப்பு வரை அகலமாகவும் தெரியும். மூன்றும் நேரில் ஏறக்குறைய வெள்ளையாகத்தான் தெரியும். நோட்டில் ஒவ்வொன்றையும் கலர் பென்சிலால் வரைந்து வை, எந்த பல்பு என்று பக்கத்தில் எழுது. சூரியனை மட்டும் சிடியில் பிடித்துப் பார்க்காதே.