தறப்பாள் ஓட்டையால் விழுந்த சூரியன்

அன்புள்ள அக்கா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இணையத்தில் நூறு வருடத்துக்கு முந்திய கண்ணாடிச் சிலைட் படங்கள் சில கிடைத்தன. வானாய்வகங்கள், பெரிய தொலைகாட்டிகள், வால்வெள்ளிகள், கிரகணங்கள். அந்தக் காலத்தில் இவற்றை மாய லாந்தர் என்ற பழைய விளக்குப் புரொஜெக்டரில் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். தரம் 9 பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டலாமா, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் வண்ணப் படங்களே போதுமா? விண்வெளியில் முகில் போலப் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும்தான் நெபுலா, அதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது? எங்களிடம் புரொஜெக்டரும் இல்லை, தொலைகாட்டியும் இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கட பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்றுதான் படுகிறது.

அன்புடன்,
ஒரு ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் அப்படியொரு படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 1897இல் திறந்த யேர்க்ஸ் வானாய்வகம். அங்குள்ள தொலைகாட்டிக்கு 40 அங்குல வில்லை, அறுபது அடிக்கு மேல் நீண்ட குழாய். ஆனால் என் கண் போனது தரைக்கு. குழாய் வானத்தில் திரும்பத் திரும்ப, நாம் கண் வைக்கும் முனை ஏறும், இறங்கும். அதற்காக அந்த மண்டபத்தின் முழுத் தரையையும் 23 அடி ஏறி இறங்கும்படி கட்டினார்கள். திறந்த வருடமே அந்தத் தரை அறுந்து விழுந்தது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்திக்கொண்டு மறுபடியும் வானத்தைப் பார்த்தார்கள்.

இந்தப் படங்களைக் காட்டுங்கள். முதலில் இவற்றைக் காட்டிவிட்டுப் பிறகு வெப்பைக் காட்டுங்கள். பழைய படத்தில் ஆளின் பாடு தெரியும். ஐசக் ரொபேர்ட்ஸ் 1888 டிசம்பரில் அன்ட்ரோமீடா என்ற விண்மீன்திரளைப் படமெடுத்தபோது, ஒரே ஒரு கண்ணாடித் தட்டில் நான்கு மணித்தியாலம் வெளிச்சத்தைச் சேர்த்தார். மார்கழிக் குளிரில் நான்கு மணித்தியாலம்! பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டு, அந்த மங்கல் படத்தைக் கையில் கொடுங்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள், அதையும் தேடி எடுங்கள். நெபுலாவை நெபுலா என்றே சொல்லலாம், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புரொஜெக்டர் பற்றி உங்கள் அதிபரைக் கேளுங்கள்.

இனி அந்த 'எட்டாக்கனி'. தம்பி, அந்தச் சொல்லை வகுப்பில் ஒரு நாளும் வாயால் சொல்லிவிடாதீர்கள். சொல்லாமல் மனதில் வைத்திருந்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். வட்டுக்கோட்டைச் செமினறியில் 1820களிலேயே எங்கள் பிள்ளைகள் வானியல் படித்தார்கள். அதைக்கூட விடுங்கள். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு.

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள். நாங்கள் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். அன்று கங்கணச் சூரிய கிரகணம், சந்திரன் சூரியனின் நடுவை மறைக்க ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும். அதன் பாதை வன்னிக்கு மேலாகவே போனது. பெரியம்மா மிஞ்சிய சோற்றில் அறுகம்புல் போட்டு மூடிவிட்டு, ஒருவரையும் வெளியே விடமாட்டேன் என்று கூடார வாசலில் குந்தியிருந்தா. வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போகும் என்பதால் நானும் அவவோடு வாதாடவில்லை.

எங்கள் தறப்பாள் வெயிலில் இற்று, அங்கங்கே ஊசி முனை அளவில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைகளால் இறங்கிய வெளிச்சம் பாயில் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. மத்தியானம் ஆக ஆக, அத்தனை பொட்டும் ஒரே பக்கத்தால் கடிபட்டுப் பிறையாயின. ஒன்றரை மணியளவில் பிறைகளின் இரண்டு நுனியும் நீண்டு வந்து ஒன்றையொன்று தொட்டன. பக்கத்துக் கூடாரத்துச் சிறுமி ஒருத்தி, ஆறேழு வயதிருக்கும், எங்கள் பாயில் படுத்திருந்தவள், துள்ளி எழும்பினாள்.

"அன்ரி, இஞ்ச பாருங்கோ, காப்பு விழுகுது!"

கங்கணம் என்றாலும் காப்புத்தான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணிக்கட்டை நீட்டி ஒரு வளையத்தைக் கையில் ஏந்தினாள். கையை மேலே கொண்டுபோனாள், காப்பு சிறுத்தது. பாய் வரைக்கும் இறக்கினாள், பெருத்தது. பத்து நிமிடத்துக்குக் கிட்ட வளையம் நின்றது. அவ்வளவு நேரமும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வாயைத் திறவாமல் அதையே செய்துகொண்டிருந்தாள்.

அவள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? அந்த யேர்க்ஸ் குழாய் ஏன் அவ்வளவு நீளம் என்பதை. ஓட்டை கோணல்மாணலாகக் கிழிந்திருந்தாலும் வெளிச்சம் வட்டமாகவே விழும், ஏனென்றால் விழுவது சூரியனின் விம்பம். அதன் அகலம், ஓட்டையிலிருந்து விம்பம் விழும் இடம் வரையான தூரத்தில் ஏறத்தாழ 107இல் ஒரு பங்கு. எங்கள் கூடாரத்தில் இரண்டு மீற்றர், ஆகவே அவளுடைய காப்பு இரண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ரூபாய்க் குற்றி அளவு. யேர்க்ஸில் வில்லையிலிருந்து விம்பம் விழும் இடம் 19 மீற்றருக்கு மேல். அங்கே சூரியன் 18 சென்ரிமீற்றர், ஒரு சின்னத் தட்டளவு. வில்லை வெளிச்சத்தை நிறையச் சேர்த்துக் கூராக்குகிறது. பெரிதாக்குவது தூரம். தறப்பாளுக்கும் யேர்க்ஸுக்கும் ஒரே கணக்கு. எதுவுமே இல்லாத ஒரு கூடாரத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு அது எட்டியது, நான் பார்த்தேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் வகுப்பறை தகரக் கூரையா? அப்படியென்றால் ஆணி ஓட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். இல்லையென்றால் யன்னலை அடைத்து, மட்டையில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். விழுகிற பொட்டுக்கு நேரே, துளையைப் பார்த்தபடி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, பொட்டின் அகலத்தை அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். 107ஆல் பெருக்கட்டும். பிறகு ஒரு நூலைப் பிடித்து துளைக்கும் தாளுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து, சரி பார்க்கட்டும். அதற்குப் பிறகு யேர்க்ஸ் படத்தை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

எந்தப் பிள்ளையின் அளவு கிட்ட வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா