வல்லூறைப் பட்டினி போட்டால் வேட்டைக்குப் பழகுமா?

புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மரத்திலிருந்து விழுந்த வல்லூறுக் குஞ்சு ஒன்று அவர் கையில் இருக்கிறதாம். வீடியோக்களில் காட்டுவதுபோல் தீனியைக் குறைத்து எடையை இறக்கினால் வேட்டைக்குப் பழகுமா என்பது கேள்வி.

பழகாது தம்பி, செத்துப்போகும். எனக்கு ஊர் கடலூர் முதுநகர். அபுதாபியில் ஒரு அரபாப் (முதலாளி) வீட்டில் வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தேன். அங்கே ஹுர், ஷாஹீன் என்ற இரண்டு வகை வேட்டைப் பறவைகளும் இருந்தன. ஹுர் என்பது ஆங்கிலத்தில் சேக்கர் ஃபால்கன் என்கிற பெரிய வல்லூறு போன்ற பறவை. ஷாஹீன் என்பது குளிர்காலத்தில் நம் பக்கம் வந்து புறாக்களைத் தூக்கும் பைரிதான்.

எடை பார்ப்பது உண்மை. ஆனால் தராசை எடுப்பதற்கு முன் தரையைப் பார்ப்போம். முந்தின நாள் இரையோடு உள்ளே போன இறகும் ரோமமும் உருண்டையாகத் திரண்டு, விடிகாலையில் வாய் வழியாக வெளியே வந்து விழுந்திருக்கும். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். இறுக்கமாக, நாற்றமில்லாமல் இருந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. கொழகொழவென்று நாறினால் அன்றைக்குப் பறக்கவிட மாட்டோம், நேரே டாக்டரிடம் போவோம். உருண்டை விழாமல் அடுத்த தீனி கிடையாது. எச்சத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளையில் நடுவே கருப்பு இருந்தால் சரி. பளிச்சென்று பச்சையாக இருந்தால் வயிறு காலியாகக் கிடந்திருக்கிறது, இல்லையென்றால் நோய்.

அப்புறம்தான் தராசு. தலையில் புர்கா, அதாவது கண்ணை மறைக்கும் தோல் தொப்பி, மாட்டி நிறுத்தினால் அசையாமல் நிற்கும். பெண் ஹுர் சுமாராக ஒரு கிலோ வரும், பெரியது அதற்கும் மேலே. கிராம் கணக்கை நோட்டில் எழுதிவிட்டு நெஞ்சைத் தடவிப் பார்ப்போம். நடு எலும்பின் இரண்டு பக்கமும் சதை உருண்டு நிற்க வேண்டும். எலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டினால் அது மெலிந்த பறவை. தராசு என்ன சொன்னாலும் அதற்குத் தீனியைக் கூட்ட வேண்டும்.

வயிறு நிறைந்த பறவை உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும், தில்வாஹ், அதாவது கயிற்றில் கட்டிய போலி இரை, சுழற்றினாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே பசி வேண்டும், ஆனால் பலவீனம் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எடை ஒவ்வொரு பறவைக்கும் வேறு. அது ஒரே இடத்திலும் நிற்பதில்லை. குளிர் ஏறினால் கூட்டித் தர வேண்டும். தினமும் பறந்து பழகினால் கொழுப்பு போய்ச் சதை ஏறும். அப்போது சென்ற மாதத்து எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றால், பார்ப்பதற்கு எடை சரியாக இருக்கும், பறவை உள்ளே பட்டினி கிடக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வெயில் காலத்தில் இறகு உதிரும்போது எடைக் கணக்கே கிடையாது. ஏசி அறையில் வைத்துக் காடையும் புறாவும் வேண்டிய மட்டும் கொடுப்போம். புறாவை மட்டும் உறைய வைத்துத்தான் தருவோம், அதன் வாய்ப்புண் நோய் பறவைக்கு ஒட்டிக்கொள்ளும். இறகு வளரும் நாளில் ஒரு வேளைத் தீனி தவறினால்கூட, வளர்கிற இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழலாம். பிறகு பறக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். அடுத்த இறகு உதிர்வு வரைக்கும் முறிந்த இடத்தில் பழைய இறகை ஒட்டுப்போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

இப்போது உங்கள் குஞ்சுக்கு வருகிறேன். ஒரு கிலோ பறவையில் பத்துப் பதினைந்து கிராம் இறங்கினால் சமாளிக்கும். வல்லூறின் மொத்த எடையே நூறு, நூற்றைம்பது கிராம் அளவுதான். அதிலும் இது இறகும் எலும்பும் வளர்கிற வயசு. ஒரு நாள் பட்டினியே அதற்கு அதிகம். அனுபவசாலிகள்கூடச் சின்னப் பறவையில் கை வைக்கப் பயப்படுவார்கள். எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் தினமும் கொடுத்தாலும் கால் வளைந்துவிடும், சுண்ணாம்புச் சத்து போதாது.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறைப் பிடிப்பதும் அனுமதியில்லாமல் வளர்ப்பதும் குற்றம். கூடு தெரிந்து, குஞ்சுக்குக் காயமும் இல்லையென்றால் தாய் தேடிக்கொண்டிருக்கும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே வைத்துவிடலாம். இல்லையென்றால் இன்றைக்கே புதுச்சேரி வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அவர்கள் வரும் வரை காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பால், சோறு எதுவும் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். வர நேரமானால் என்ன தருவது என்று அவர்களையே கேளுங்கள். பெரும்பாலும் பச்சைக் காடை இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாகத் தரச் சொல்வார்கள்.