கடலூர் கோர்ட் போட்ட ஜீவனாம்ச வாரண்ட் புதுச்சேரியில் செல்லுமா?

செல்லும். குழந்தைக்குக் கடலூரில் ஜீவனாம்ச உத்தரவு வாங்கியிருக்கிறீர்கள், குழந்தையின் அப்பா புதுச்சேரிக்குக் குடிபோய்ப் பணத்தை நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். இரண்டு வழி உண்டு.

கடலூர் கோர்ட்டிலேயே நிறைவேற்று மனு போடலாம். அங்கே பிறக்கும் வாரண்டைப் புதுச்சேரிக்கு அனுப்ப பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 80, 81 பிரிவுகள் இடம் தருகின்றன. ஆனால் அது இரண்டு போலீஸுக்கும் நடுவில் கிடப்பதுதான் வழக்கம். எனக்குச் சரியாகப் படுவது 147-ஆம் பிரிவு: அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே நேராக மனு. மாஜிஸ்திரேட் பார்ப்பது இரண்டுதான்: ஆள் இவர்தானா, பணம் வரவில்லையா. ஆகவே உத்தரவின் சான்றிட்ட நகல், குழந்தையின் அப்பாவுடைய போட்டோ, மாதவாரியான பாக்கிக் கணக்கு, வரவு விழாத பாஸ்புக் பக்கங்கள் கையில் இருக்கட்டும்.

முகவரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேச்சுவழக்கில் ‘பாண்டி’ என்போம். ஆனால் பாண்டியை ஒட்டிய கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். எந்தக் காவல் நிலைய எல்லை என்று முதலில் விசாரியுங்கள். தவறினால் வாரண்ட் ‘ஆள் இல்லை’ என்று திரும்பிவிடும்.

தள்ளிப்போடாதீர்கள். பாக்கி விழுந்த நாளிலிருந்து 1 வருஷத்துக்குள் மனு போடாவிட்டால் 144(3)-இன்படி அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது. வாரண்டுக்குப் பிறகும் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் 1 மாதம் வரை சிறை. “உள்ளே போய்வந்தால் கடன் தீர்ந்தது” என்று அவர் தரப்பில் சொன்னால் நம்பாதீர்கள். சிறை பாக்கியைக் கழிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அவருக்குச் சம்பளம் இருந்தால் கம்பெனி பெயரையும் மனுவில் எழுதுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்து இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.